மருத்துவர் பதில்: 64 வயதில் ஃபெல் ஓட்டத்தைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் உள்ள கெசிக் ஊரில் இருக்கிறேன். 45 வயதில் தொடங்கிய ஃபெல் ரன்னிங்கை, அதாவது மலையில் ஏறி இறங்கி ஓடுவதை, இன்னும் விடவில்லை. வாரம் மூன்று நாள் ஓடுகிறேன், அதில் ஒரு நாள் லாட்ரிக் குன்று, மாதம் ஒருமுறை ஸ்கிடா மலை. ஏறும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, ஸ்கிடா போய்வந்தால் இரண்டு மூன்று நாள் தொடை பிடித்துக்கொள்கிறது. அதனால் நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் ஓர் இபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு ரமிப்ரில், கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் எடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டு வாசலில் வழுக்கி இடது மணிக்கட்டு முறிந்தது, அது சரியாகிவிட்டது. போன பிப்ரவரியில் மங்கிய வெளிச்சத்தில் இறங்கும்போது இரண்டு தடவை விழுந்தேன். ஏற்றத்தில் வாட்ச் இதயத் துடிப்பு 158 என்று காட்டியதைப் பார்த்துவிட்டு மகள் "போதும் அம்மா, நிப்பாட்டுங்கோ" என்கிறாள். நிறுத்தத்தான் வேண்டுமா?

பதில்: அக்கா, நிறுத்தவேண்டாம். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரியே இன்னும் பத்து வருடம் ஓடவும் முடியாது. எதை மாற்றவேண்டும் என்று சொல்கிறேன். அதில் இரண்டை இந்த வாரமே செய்யவேண்டும்.

முதலில் அந்த மணிக்கட்டு. கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோய்விட்டீர்கள், என் கண் அங்கேதான் நின்றது. நின்ற நிலையிலிருந்து விழுந்து எலும்பு முறிவதை, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு பெண்ணுக்கு முறிவதை, "வழுக்கிவிட்டது, என்ன செய்வது" என்று விட்டுவிடக் கூடாது. நல்ல எலும்பு அந்த உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் தாங்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் கிடையாது, மணிக்கட்டுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இத்தனை வருடம் ஓடியது உங்கள் எலும்புக்கு நல்லதுதான், ஆனால் அது முழுக் காப்பு இல்லை. உங்கள் குடும்ப டாக்டரான ஜிபியிடம் போய் இந்த முறிவைக் குறிப்பிட்டுச் சொல்லி, எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள். படுத்த நிலையில் இடுப்பையும் முதுகையும் பார்க்கிற எளிய ஸ்கேன், பத்து இருபது நிமிட வேலை. அது வரும்வரை ஓடலாம், ஆனால் கல் சரிந்து கிடக்கிற செங்குத்தான இறக்கங்கள் வேண்டாம்.

இரண்டாவது, அந்த இபுப்ரோஃபென். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரமிப்ரில் எடுக்கிறவர் இபுப்ரோஃபெனையும் போட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் மலையில் ஓடினால் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டம் இரண்டு பக்கமும் அடிபடும். உள்ளே வருகிற குழாயைத் திறந்து வைக்கிற ரசாயனத்தை இபுப்ரோஃபென் தடுக்கிறது, வெளியே போகிற குழாயை ரமிப்ரில் தளர்த்திவிடுகிறது, இரண்டும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது. இதனால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நர்ஸாக இருந்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். நாளைக்கு ஒரு நீர்மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். போதாததற்கு அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். வலியைக் குறைக்க ஓட்டத்துக்கு முன் மாத்திரை போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஓடி முடித்த பிறகும் வலித்தால் பாரசிட்டமால் போதும். முழங்காலுக்கு மட்டும் என்றால் டிக்ளோஃபெனாக் ஜெல் தடவலாமா என்று ஜிபியிடமோ பார்மசிஸ்டிடமோ கேளுங்கள், அதில் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். கிட்னி ரத்தப் பரிசோதனை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, முழங்காலுக்கு வருவோம். "மூட்டு தேய்ந்துபோச்சு, இனி ஓடினால் இன்னும் தேயும்" என்று உறவினர்கள் யாராவது கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள். ஓடுகிறவர்களின் முழங்காலையும் இடுப்பையும் பற்றி 2017இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் மூட்டுத் தேய்வு இருந்தது. பந்தயத்துக்காகவே வாழ்கிறவர்களுக்கு மட்டும் அது 13.3. ஓடுகிறவர்கள் உடல் எடை குறைந்தவர்களாக இருப்பதும் இதில் சேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாரம் மூன்று நாள் ஓடுவதால் மூட்டு அழிந்துவிடும் என்ற பயத்துக்கு இதில் இடம் இல்லை. ஏறும்போது வலிக்காமல் இறங்கும்போது முன்பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் அது முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் விழுகிற சுமையால் வருவது, தொடையின் முன்தசை பலம் குறைந்ததன் அடையாளம். முழங்கால் வீங்கினால், பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், திடீரென்று மடங்கிவிட்டால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அது வேறு கதை. அப்போது நேரில் காட்டவேண்டும்.

உங்கள் கணக்கையே கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். லாட்ரிக் 368 மீட்டர், கெசிக்கிலிருந்து ஏறி இறங்கினால் முந்நூறு மீட்டருக்குள்தான் இறக்கம். ஸ்கிடா 931 மீட்டர், அங்கிருந்து ஊருக்கு வர ஏறக்குறைய 850 மீட்டர் இறங்கவேண்டும். அதாவது நாலு வாரம் தொடைக்கு முந்நூறு மீட்டரைப் பழக்கிவிட்டு, திடீரென்று ஒரு நாள் அதைப்போல மூன்று மடங்கு கொடுக்கிறீர்கள். இரண்டு மூன்று நாள் தொடை பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிரேக் போடுகிறது, தசைநாருக்குள் நுண்ணிய காயங்கள் உண்டாவது இந்த வேலையில்தான். வலி மறுநாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். இளம் வயதில் சீக்கிரம் ஆறுகிறது, நமக்கு மெதுவாக ஆறுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதே தசைக்கு ஒரு அருமையான குணம் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் அடிபட்டு ஆறிய தசைக்கு, அதே இறக்கம் அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு அடி கொடுக்காது. அந்தப் பாதுகாப்பு அதிக நாள் நிற்காது, இடைவெளி விட்டால் போய்விடும். வயதான ஃபெல் ஓட்டக்காரர் ஒழுங்காக ஓடவேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கொஞ்சம் இறக்கம் ஒவ்வொரு வாரமும் இருக்கவேண்டும், மழைக்காலத்திலும் விருந்தாளி வந்த வாரத்திலும்கூட. ஆறு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கவேண்டும். உங்கள் விஷயத்தில் ஒரு ஞாயிறு லாட்ரிக் ஒரு தடவை, அடுத்த ஞாயிறு அதையே இரண்டு தடவை, இப்படி மாற்றி மாற்றி இரண்டு மாதம் போங்கள். ஸ்கிடா அதற்கு அப்புறம், அதுவும் டெக்ஸா முடிவு கையில் வந்த பிறகு. வாரத்தின் மற்ற இரண்டு நாளில் ஒன்றை மென்மையான சமதளத்தில் பேச்சு வருகிற வேகத்தில் நாற்பது நிமிடம் ஓடுங்கள். இன்னொன்றில் ஏற்றத்தை மட்டும் வேகமாகப் போய், நடந்து இறங்குங்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய கடின உழைப்பு ஏற்றத்திலேயே கிடைத்துவிடும், மூட்டுக்கும் பெரிய அடி இல்லை. செங்குத்தான இடத்தில் தொடையில் கை ஊன்றி நடப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அங்கே முன்னணியில் ஓடுகிறவர்களும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

வீட்டுப் படியில் ஒரு வேலை. கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நில்லுங்கள். இடது குதிகால் தரையைத் தொடும்வரை நாலு எண்ணி மெதுவாக இறங்கி, மறுபடி எழும்புங்கள். முழங்கால் உள்ளே சாயாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கவேண்டும், எதிரே கண்ணாடி இருந்தால் நல்லது. எட்டு தடவை, மூன்று சுற்று, அப்புறம் மற்றக் கால், வாரம் மூன்று நாள். பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் அது போயிருக்கவேண்டும். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும், முழுப் பலன் கிடைக்க மூன்று மாதம் ஆகும். அதே படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி இரண்டு காலாலும் உயர்ந்து, ஒரு காலால் மெல்லக் குதிகாலை இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிகால் நாண் இந்த வயதில் சொல்லாமல் கொள்ளாமல் தகராறு செய்யும். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், மேல்வரிசைக்கு ஒரு கால், கீழ்வரிசைக்கு மற்றது.

நீங்கள் விழுந்த இரண்டு தடவையும் மங்கிய வெளிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும்போது என்ன மூக்குக்கண்ணாடி போடுகிறீர்கள்? வாரிஃபோக்கல் என்றால் அங்கேதான் எனக்குச் சந்தேகம். அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்காக வைத்தது, அதன் வழியாகக் காலடியில் இருக்கிற கல்லைப் பார்த்தால் மங்கலாகவும் இடம் தள்ளியும் தெரியும். தூரப்பார்வைக்கு மட்டுமான ஒரு தனிக் கண்ணாடி ஓட்டத்துக்கென்று செய்துகொள்ளுங்கள். 60 வயதுக்கு மேல் இங்கிலாந்தில் கண் பரிசோதனை இலவசம்தானே, புரை விழத் தொடங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். கெசிக்கில் மலைப் பந்தயம் நடக்கும் நாளில் பெரிய வயதுக்காரர்கள் இறங்குவதைக் கவனியுங்கள். குட்டிக் குட்டி அடிகள், கைகள் இரண்டும் அகல விரிந்து, பார்வை மூன்று நாலு மீட்டருக்கு முன்னால், முடிந்த இடத்தில் கல்பாதையை விட்டுப் புல்லில். பின்னால் சாய்ந்து குதிகாலில் பிரேக் போடுகிறவர்தான் வழுக்குகிறார், முழங்கால் வலியும் அவருக்குத்தான்.

மகளிடம் அந்த 158 பற்றி இப்படிச் சொல்லுங்கள். 208இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழித்தால் உங்களுக்கு உச்சத் துடிப்பு ஏறக்குறைய 163 வரும், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடலாம் குறையலாம். செங்குத்து ஏற்றத்தில் 158 வந்து, நின்றதும் இரண்டு நிமிடத்தில் நன்றாக இறங்குகிறது என்றால் அந்த எண்ணுக்காகப் பயப்படவேண்டாம். பயப்படவேண்டியவை வேறு. ஏறும்போது நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ இறுக்கம் வந்து நின்றால் குறைவது, ஓடும்போது தலை சுற்றி மயங்குவது, வழக்கமான ஏற்றத்துக்குக் காரணமில்லாமல் மூச்சு வாங்குவது, துடிப்பு தாளம் தப்பித் தடதடப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், நெஞ்சு இறுக்கம் ஓய்விலும் விடவில்லை என்றால் அவசர உதவிக்கு 999 அழையுங்கள். தெற்காசியர்களான நமக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருகிறது. ஓடுகிறேன் என்பதற்காக ரமிப்ரிலையும் ஸ்டாட்டினையும் நீங்களாகக் குறைத்துவிடவேண்டாம்.

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காலையில் இரண்டு துண்டுப் பாணும் தேநீருமாக மலைக்குப் போகிற நம் அக்காமார் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். தசை வளர கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும், 58 கிலோ என்றால் 70 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் இருபதுக்கு மேல். எல்லாவற்றையும் இரவுச் சோற்றோடு சேர்க்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். நம்முடைய நிறத்துக்கு அந்த ஊர் வெயில் போதாது, வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் வருடம் முழுவதும் எடுங்கள்.

தனியாகப் போவதென்றால் வழியையும் திரும்பும் நேரத்தையும் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போங்கள், பள்ளத்தாக்கில் போனுக்குச் சிக்னல் இருக்கும் என்று நம்பவேண்டாம். காற்று மழைக் கோட்டு, தொப்பி, கையுறை, விசில் எல்லாம் கோடையிலும் பையில் இருக்கட்டும். விழுந்து எழும்ப முடியாமல் அரை மணி நேரம் கிடந்தால் வயதான உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். உதவிக்கு நிமிடத்துக்கு ஆறு விசில், போன் கிடைத்தால் 999 அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்கவேண்டும். கோடையில் புதருக்குள் போய்வந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் உடனே காட்டவேண்டும்.

எத்தனை வயதுவரை என்ற கேள்விக்கு உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே ஆள் இருந்தார். வாஸ்டேல் ஆட்டுக்காரர் ஜாஸ் நெய்லர், இளம் வயதிலேயே முதுகிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர், 2006இல் தன் 70 வயதில் 70 உச்சிகளை ஒரே மூச்சில் 21 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே 30 உச்சிகள், 48 மைல் கொண்ட ஒரு சவால் ஓட்டம் அவர் பெயரில் இன்றும் இருக்கிறது. உங்களை அதை ஓடச் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்த மலைகளில் ஆட்டுக்குப் பின்னால் தினமும் ஏறி இறங்கிய கால்கள் அவை என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

டெக்ஸா முடிவு வந்ததும் அதில் எலும்பு அடர்த்தியைக் காட்டுகிற டி ஸ்கோர் என்ற எண்ணை எனக்கு எழுதுங்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புக்கு மருந்து தொடங்குவது பற்றியும், ஸ்கிடாவுக்கு எந்தப் பாதையில் இறங்குவது என்பது பற்றியும் அப்போது பேசுவோம்.