எந்த ஆபீசுக்குப் போவது? தருமபுரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியவை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உள்ளாட்சி வேலையில் பல வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். மனுவோடு வருகிறவர்கள் தப்பான வாசலில் நின்று ஒரு நாள் கூலியை இழந்து திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே போக வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிந்தவரை தெளிவாகச் சொல்கிறேன்.

ஐயா, ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. நடுவில் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். காய்ச்சினால் ஃப்ளூரைடு போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா? (குமாரசாமிப்பேட்டை)

போகாதம்மா. காய்ச்சினால் கிருமி சாகும். ஃப்ளூரைடு உப்பு மாதிரி தண்ணீரில் கரைந்திருக்கிற பொருள். கொதிக்கக் கொதிக்க தண்ணீர் ஆவியாகும், ஃப்ளூரைடு அடியில் நின்றுவிடும். ஆக, ரொம்ப நேரம் காய்ச்சிய தண்ணீரில் அதன் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவது, கேண்டில் ஃபில்டர், புற ஊதா விளக்கு வைத்த மெஷின், எதுவும் அதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும்.

நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது கடினப்பாறை. அந்தப் பாறையிலுள்ள கனிமங்களிலிருந்துதான் ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. ஆழத்தில் பல காலம் பாறையோடு கிடந்த தண்ணீரில் அதிகம் கரைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால் ‘ஆயிரம் அடி போட்டிருக்கிறோம், சுத்தமான தண்ணீர்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல்முளைக்கும் வயதில் பிள்ளைகள் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். என் பல்லிலும் அந்தக் கோடு இருக்கிறது. நான் படித்த காலத்தில் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தது. ஒழுங்காகப் பல் விளக்காத கறை என்று எங்களைத் திட்டுவார்கள். அது கறையில்லை, தேய்த்தால் போகாது என்று எங்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. உங்கள் பிள்ளைகளை யாரும் அப்படித் திட்டவிடாதீர்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ‘ஃப்ளூரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்று இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில் கட்டி, 2013 மே மாதம் திறந்தார்கள். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். வழியில் ஓரிடத்தில் மின்சாரம் போனாலும், ஒரு பெரிய குழாய் உடைந்தாலும் கடைசித் தெருவுக்கு முறை தள்ளிப்போகும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாகப் பிடித்து வையுங்கள். சோறு, குழம்பு, டீ எல்லாம் அதில்தான். நிறையப் பேர் குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு போர் தண்ணீரில் சோறாக்குகிறார்கள். சோறு அந்தத் தண்ணீரை அப்படியே குடித்துக்கொள்ளும். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க போர் தண்ணீர் போதும். பிடித்து வைக்கும் டிரம்மை இறுக்கமாக மூடி வைத்து, வாரம் ஒருமுறை உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும். குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அது சட்டப்படி தப்பு. கடைசி வீட்டுக்காரருக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது என்பதோடு, குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரையும் அந்த மோட்டார் இழுத்துவிடும்.

போர் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குப் பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் நிறையக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைக்க உதவும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இது. நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கலாம்.

எங்கள் நகர் டவுனை ஒட்டியே இருக்கிறது. சாக்கடை அடைத்தால் நகராட்சியில் ‘பஞ்சாயத்துக்குப் போங்க’ என்கிறார்கள். பஞ்சாயத்தில் ‘அது டவுன்’ என்கிறார்கள். நாங்கள் யார்? (இலக்கியம்பட்டி பக்கம்)

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மேலே எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை எல்லாம் அவர்கள் பொறுப்பு. டவுன் பஸ் வருகிறது, அஞ்சல் முகவரியில் தருமபுரி என்று இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. இலக்கியம்பட்டி பல காலம் கிராம ஊராட்சியாக இருந்துவந்த ஊர். டவுனோடு ஒட்டியிருப்பதால் இந்தக் குழப்பம் அங்கே ரொம்ப காலமாக உண்டு.

ரசீதில் ஊராட்சி என்று இருந்தால் முதலில் ஊராட்சிச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த படி வட்டார வளர்ச்சி அலுவலர். நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. ‘தலைவர் இல்லை, யாரிடம் சொல்வது’ என்று அப்போது நிறையப் பேர் சும்மா இருந்துவிட்டார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் ஊராட்சி அலுவலகம் இருக்கிறது, மனுவை வாங்கியாக வேண்டும். கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். வாயால் சொல்லிவிட்டு வராமல், உங்கள் சாக்கடை விஷயம் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு இதே மாதிரி வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். உங்கள் வார்டில் அடுத்தது எப்போது என்று கவுன்சிலரைக் கேளுங்கள், கேட்டால்தான் நடக்கும்.

இரண்டு பக்கமும் தட்டிக் கழித்தால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் பேசுங்கள். எங்கே கொடுத்தாலும் மனு எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். எண் இருந்தால், அடுத்த தடவை போகும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

குழாய் பதிக்கிறோம் என்று தெருவை வெட்டிப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. ஸ்கூட்டியில் போன இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். கேட்டால் ‘கான்ட்ராக்டர் வருவார்’ என்கிறார்கள். (நெசவாளர் காலனி)

தகவல் உரிமைச் சட்டம் இருப்பதே இந்த மாதிரி இடத்துக்குத்தான். 2005-ஆம் வருடச் சட்டம். 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏன் இன்னும் ரோடு போடவில்லை?’ என்று கேட்டால் ‘விரைவில் போடப்படும்’ என்று ஒரு வரி வரும். காரணம் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள்: உங்கள் தெருப் பெயரை எழுதி, அந்தப் பணியின் மதிப்பீட்டு நகல், பணி ஆணை நகல், முடிக்க வேண்டிய தேதி, சாலையைச் சீரமைக்க ஒதுக்கிய தொகை, இதுவரை கொடுத்த பில் விவரம், அளவீட்டுப் புத்தகத்தின் நகல். அந்தக் காகிதத்தில் ‘தோண்டிய இடத்தைப் பழையபடி சரிசெய்து தர வேண்டும்’ என்ற வாசகம் இருந்தால், கான்ட்ராக்டர் எப்போது வருவார் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். வரவழைக்க வேண்டியது அலுவலகத்தின் வேலையாகிவிடும். நான் வேலையில் இருந்தபோது, இப்படி எழுதிய மனு வந்த வாரத்திலேயே ஜல்லி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விழுந்தவர்களின் மருத்துவச் சீட்டு, பள்ளத்தின் போட்டோ இரண்டையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். வீட்டு வரி இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. அப்படியே கட்டிக்கொண்டிருந்தால் போதாதா அண்ணா? (அன்னசாகரம்)

வரி வாங்கிக்கொள்வார்கள், பிற்பாடு சிக்கல் உங்களுக்கு. அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, வீட்டுப் பத்திர நகல், கடைசி வரி ரசீது, இவற்றோடு நகராட்சியில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதியலாம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் முதலில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒரு விஷயம் நன்றாக நினைவிருக்கட்டும்: வரி ரசீதில் உங்கள் பெயர் வந்துவிட்டால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும் வேண்டும். பட்டா மாற்றம் தாலுகா ஆபீஸ் வேலை, மின் இணைப்புப் பெயர் மின்வாரிய வேலை, இரண்டும் தனித்தனி.

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிப்பார்கள். உச்சவரம்பு 5,000 ரூபாய்.

தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குப் போன் செய்தால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். (பாரதிபுரம்)

விளக்கு நகராட்சியுடையது. கம்பி அறுந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மரில் பொறி பறந்தாலோ மின்வாரியம்; அதற்கு 94987 94987, இரவிலும் எடுப்பார்கள். விளக்குக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு நகராட்சியில் சொல்லுங்கள்.

மகள் பிறந்தபோது பெயர் வைக்கவில்லை. பிறப்புச் சான்றில் பெயர் இடம் காலி. இப்போது எட்டு மாதம். அரூரில் என் அம்மா வீட்டில் இருந்தபோது பிறந்தவள். தருமபுரியில் சேர்க்க முடியுமா? (அப்பாவு நகர்)

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, பெயர் சேர்ப்பதும் அங்கேதான். ஒரு வயது முடியும் வரை கட்டணம் கிடையாது. அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். நான்கு மாதம் கையில் இருக்கிறது, அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போதே முடித்துவிடுங்கள். இனிஷியல், எழுத்துக்கூட்டு, உங்கள் இருவர் பெயரும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா, எல்லாம் முன்கூட்டியே வீட்டில் முடிவு செய்து எழுதிக்கொண்டு போங்கள். பதிந்தபிறகு மாற்றுவது பெரிய வேலை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றுதான் ஆதாரம். முந்தைய காலம் மாதிரி பள்ளியில் வாத்தியார் தேதி போட்டுக்கொள்ள முடியாது.

சந்தில் நாய்த் தொல்லை. பையனைக் கடித்ததும் மாமியார் சுண்ணாம்பு தடவிவிட்டார். ஒரு ஊசி போட்டோம், காயம் ஆறிவிட்டது. மீதி ஊசி தேவையா? (விருப்பாட்சிபுரம்)

தேவை, தாயே. இதைப் படித்த கையோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காயம் ஆறியதற்கும் வெறிநோய் வராததற்கும் சம்பந்தமில்லை. அந்த நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். ஊசியை முழுதாகப் போட்டுக்கொண்டால் வராமல் தடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் ஊசிக்கு முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று கணக்கு. நாள் தவறிவிட்டது என்று தயங்க வேண்டாம், அடுத்து என்ன என்று டாக்டர் சொல்வார். காயம் ஆழமாக இருந்ததா, இரத்தம் வந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட காயத்துக்கு இன்னொரு மருந்தும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும்.

இனி யாரைக் கடித்தாலும் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எருக்கம்பால் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கட்டுப் போடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது நகராட்சியின் கடமை. பகுதி சபையில் இதை எழுத்தில் கேளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. படிக்கும் என் தங்கைக்கு வீட்டில் இடமில்லை. கோச்சிங் கட்டப் பணமும் இல்லை. (கோட்டை)

மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆக்குங்கள். போட்டித் தேர்வுப் புத்தகம் உண்டு, உட்கார்ந்து படிக்க இடமும் உண்டு. சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-இல் வந்த நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. அந்த நாற்காலி உங்கள் தங்கைக்கு உரியது, தயங்காமல் போகச் சொல்லுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் நடக்கும்.

நான் பெங்களூரில் வேலை. அம்மா தருமபுரியில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போவதே அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது. (செந்தில் நகர்)

‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதற்காகவே உள்ளது. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை அம்மாவின் பெயரைப் பதிய வேண்டும். சுகாதார உதவி எண் 104-இல் கேட்டாலும் வழி சொல்வார்கள். முதியோருக்கான உதவி எண் 14567. இந்த இரண்டு எண்ணையும், பக்கத்து வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் கண்ணில் படுகிற சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். நீங்கள் ஊருக்கு வரும் ஞாயிறு சுகாதார நிலையத்தில் எல்லோரும் இருக்க மாட்டார்கள். பதிவுக்காக ஒரு திங்கள்கிழமை லீவு போட்டு வாருங்கள் தம்பி.