மெக்கானிக்கல் முடித்தவர் இண்டஸ்ட்ரியல் டிசைன் பேராசிரியர் ஆக முடியுமா?

கேட்டவர் ஈரோட்டுக்காரர். ஸ்மார்ட் பொருட்களில் (சென்சார், சிம் எல்லாம் வைத்து, தானே தகவல் சொல்லும் சாதனங்கள்) ஆராய்ச்சி பண்ணி, கற்பிக்கும் வேலைக்கும் போக ஆசை. ஊரை விட்டுப் போகாமல் முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

முடியுமுங்க. ஆனால் படிப்புக்கு வெளியூர் போய்த்தான் ஆகணும். நான் கோவை பீளமேட்டில் மெக்கானிக்கல் முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் ரெண்டு வருஷம் டிராயிங் போட்டவன். பிறகு மும்பை ஐஐடி நடத்தும் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு, எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைப் படிப்பு, பிஎச்.டி. என்று போனது. டிசைன் படிக்க அகமதாபாத் என்ஐடி (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்) 1961-லேயே வந்தது. மும்பை ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசி 1969-ல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் கவுகாத்தி ஐஐடியிலும் டிசைன் துறை இருக்கிறது.

ஆராய்ச்சிக்கான விஷயத்துக்கு மட்டும் எங்கேயும் போக வேண்டாம். எனக்கு அது எங்க அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் கிடைத்தது. கிணற்று மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் அப்போது நடுராத்திரி வரும். இருட்டில் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டாமே என்று போனிலிருந்தே மோட்டாரைப் போடும் ஒரு மொபைல் ஸ்டார்ட்டரை மாமா மாட்டிக் கொடுத்தார். உள்ளே சிம் இருக்கும். கூப்பிட்டு ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், 'மோட்டார் ஆன்' என்று மெசேஜ் வரும். அப்புச்சி மெசேஜைப் பார்ப்பார், டார்ச்சை எடுப்பார், கிளம்பிவிடுவார்! பழக்கதோஷம் என்றுதான் நானும் நினைத்தேன். கேட்டதற்கு, "மோட்டாரு ஓடுதுன்னுதான கண்ணு சொல்லுது, தண்ணி வருதுன்னு சொல்லுதா?" என்றார்.

பழைய கிணறு அது. பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வு ஒழுகினால் பைப்பில் தண்ணீர் நிற்காது, மோட்டார் சும்மா சுற்றும். அப்போது அது இழுக்கும் ஆம்பியர் குறையும். அதை வைத்து மோட்டாரை நிறுத்திவிடும் ஸ்டார்ட்டர்களும் உண்டு. அந்தத் தகவல் பெட்டிக்குள் இருக்கிறது, அவர் கைக்கு வரவில்லை. பொருள் எதைச் சொல்கிறது, ஆளுக்கு எது தெரிய வேண்டும், இந்த ரெண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்மார்ட் பொருள் ஆராய்ச்சியில் பாதி. நான் பிஎச்.டி.யில் நாலு வருஷம் தோட்டம் தோட்டமாக உட்கார்ந்து பார்த்தது அதைத்தான். (சென்சார் வாங்கி மாட்டுவது சுலபம். ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தர் பின்னாடியே நடப்பதுதான் கஷ்டம்.)

ஊர் திரும்பியதும் எல்லாம் இனிக்கவில்லை. முதலில் சேர்ந்த கல்லூரியில் மூணு செமஸ்டர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் மட்டுமே கொடுத்தார்கள். டிசைன் என்றால் புரொஷர் அடிப்பது என்று நினைத்த ஹெச்ஓடி. மாணவர்கள் செய்து பார்த்தே கற்கும் ஸ்டுடியோ வகுப்பு என்னவென்று புரிய வைக்கவே ஒரு வருஷம் ஆனது. சேரும் முன்னே எந்தப் பாடம் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில், பெங்களூரில் ஆப் ஸ்கிரீன் வரையும் என் கூடப் படித்தவர்கள் என்னைவிட நன்றாகவே வாங்குகிறார்கள். வீட்டில் பொண்ணு பார்க்கும்போது அதையும் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

எம்.டெஸ். சேரும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவுக்கு (உங்கள் வேலைகளின் தொகுப்பு) வழவழப்பான கார் படம் வேண்டாம். உங்கள் வீட்டு டேபிள்டாப் கிரைண்டரை அம்மா எப்படிக் கழற்றிக் கழுவுகிறார் என்று ஒரு வாரம் பார்த்து வரைந்து வையுங்கள்.