மஞ்சள் கப்சூலுக்கு 8,500 ரூபாவா?

கேள்வி: எனக்கு 54 வயது. வெறும் வயிற்றில் பார்த்த சீனி கூட என்று வைத்தியர் மெட்ஃபோமின் தந்திருக்கிறார். எடை கூடியதால் உடம்புக்குள் அழற்சியும் இருக்கிறதாம். வெள்ளவத்தையில் ஒரு கடையில் குர்குமின் கப்சூலைக் காட்டி, மூன்று மாதம் எடுத்தால் குளிசையே தேவைப்படாது என்கிறார்கள். 60 கப்சூல் 8,500 ரூபா. ஒன்றில் 500 மில்லிகிராம், மிளகுச் சாறும் சேர்ந்தது. வாங்கலாமா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: வேண்டாம் அக்கா. குளிசை தேவைப்படாது என்று கடைக்காரர் வாய் திறந்ததுமே கடையை விட்டு இறங்கியிருக்கலாம். மெட்ஃபோமினை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

வைத்தியர் சொன்ன அழற்சி, காயம் பட்டு வீங்குவது போன்றதல்ல. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு ஓயாமல் சில பொருள்களைச் சுரந்து, தணல்போல் உள்ளே புகைய வைக்கிறது. இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் இந்தத் தணலை அடக்குவது ஆய்வுகூடத்தில் வளர்க்கும் உடற்கலங்களில் நன்றாகவே தெரிகிறது. மனிதரில் பலன் அப்படி ஒரே சீராக இல்லை. குடல் அதை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சுகிறது.

மிளகு சேர்ப்பது அதற்காகத்தான். பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, உறிஞ்சப்பட்டது 20 மடங்கு கூடியது. ஆனால் அதே பைப்பரின், ஈரல் மருந்துகளைக் கழிக்கும் வேகத்தையும் குறைக்கக்கூடியது. பிரஷருக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ வேறு குளிசை எடுத்தால் வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது. அழற்சிக்கென்று விற்ற மஞ்சள் கப்சூலாலேயே சிலருக்கு ஈரல் அழற்சி வந்து, இத்தாலி 2022இல் போத்தலில் எச்சரிக்கை போடச் சொன்ன கூத்தும் நடந்தது.

கணக்கையும் பாருங்கள். உணவு நிறமாகக் குர்குமினுக்கு சர்வதேச நிபுணர் குழு வைத்த நாளாந்த எல்லை, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 180. உங்கள் கப்சூல் ஒன்றே 500! மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்குதான்; ஒரு தேக்கரண்டியில் 90 மில்லிகிராம் வரும். பருப்புக் கறியிலும் மீன் குழம்பிலும் மஞ்சள், மிளகு, எண்ணெய் மூன்றும் ஏற்கனவே ஒன்றாகத்தானே கிடக்கின்றன.

அந்தக் காசுக்குச் சந்தையில் நிறமுள்ள மரக்கறி வாங்குங்கள்; மஞ்சளில் போலவே அவற்றிலும் நல்ல நிறப்பொருள்கள் உண்டு. கத்தரிக்காயின் ஊதா அதன் தோலில்தான் இருக்கிறது, சீவி எறியாதீர்கள். தக்காளியை எண்ணெயில் வதக்கினால் அதன் சிவப்பு நன்றாக உறிஞ்சப்படும். ராசவள்ளிக்கிழங்கும் நல்லது, ஊதா நிறத்தோடு நார்ச்சத்தும் கிடைக்கும். ஆனால் மாச்சத்தும் உண்டு. சோற்றைக் குறைத்து, அவித்த சின்னத் துண்டாக. நம் வீட்டு வழக்கப்படி தேங்காய்ப்பாலும் சீனியும் கொட்டிக் கிண்டிவிட்டுக் கிழங்கைக் குறை சொல்லக்கூடாது.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பில்லையும் போத்தலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள். கடைக்காரர் குளிசை பற்றிச் சொன்னதை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.