அத்தான் கொண்டுவந்த போத்தல்

அன்புள்ள அண்ணைக்கு,
ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தான் ஒரு சிங்கிள் மோல்ட் விஸ்கி கொண்டுவந்தார். நான் ஐஸும் கோலாவும் விட்டுக் குடித்தேன். "உனக்கெல்லாம் இது வீண்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நாலு பேராக ஒரே இரவில் போத்தலை முடித்தோம். அந்தச் சொல் மட்டும் இறங்கவில்லை. விஸ்கியை எப்படித்தான் குடிக்க வேண்டும்?
– வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

கோலா விட்டால் கோலா மணக்கும், அவ்வளவுதான். அதற்காக ஒருவரைச் சபையில் குறைத்துப் பேசுகிறவருக்கு விஸ்கி தெரிந்தென்ன, விடும். ஆனால் ஒரே இரவில் முடித்தீர்களே, அது குடியில்லை, கிணறு இறைப்பு. அதற்கு உமக்கு ஏச்சுத்தான்.

ஐஸுக்கு வருகிறேன். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் உறைய வைத்தீர்? அதை எழுதவில்லையே!

2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்த கையோடு, லண்டன் உறவினர் ஒருவர் என் அம்மானுக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தார். பீட் என்கிற சதுப்புநில மக்கல் மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்திச் செய்கிற வகை. அம்மான் ஆயுள் முழுக்கத் தவறணையில் பனையோலைப் பிளாவில் கள்ளுக் குடித்தவர். மூடியைத் திறந்து மணந்து, "ஆசுபத்திரி மணக்குது" என்றார். பிறகு என்னைச் சைக்கிளில் கோயில் கிணற்றுக்கு அனுப்பினார். எங்கள் வீட்டுக் கிணறு சவர். இங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. ஒழுங்கைக்கு ஒழுங்கை ருசி மாறும். "தேத்தண்ணிக்கே சவர்த் தண்ணி விடமாட்டன், இதுக்கு விடுவனோ?" என்றார் அம்மான்.

ஒரு தேக்கரண்டி விட்டார். திரும்ப மணந்தார். "சுட்ட பனம்பழம்!" என்றார்.

2017 இல் சுவீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் இதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். புகை மணம் தருகிற குவாயாகோல், மதுசாரம் 59 வீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளேயே அமுங்கிக் கிடக்கும். தண்ணீர் சேர்ந்து 45 வீதத்துக்கு இறங்கினால் மேற்பரப்புக்கு வரும், இன்னும் விட்டால் இன்னும் கூடும். அம்மான் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தண்ணீர் திறந்துவிடுகிற மணத்தைக் குளிர் அடக்கிவிடும். ஐஸ் உருக உருக எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்ற கணக்கும் உம் கையில் இல்லை. தேக்கரண்டியால் விடும் ஐயா, மணந்து மணந்து விடும். அத்தான் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்தப் போத்தல் அம்மானிடம் எட்டு மாதம் இருந்தது. வெறும் போத்தலில் மாமி நல்லெண்ணெய் விட்டு வைத்திருந்தா. கொஞ்சக் காலம் எங்கள் தோசையில் புகை மணத்தது.