காபி சாப்பாட்டில் சேர்த்தியா?

கேள்வி: சிறிய கிளினிக் ஒன்றின் நிர்வாகத்தைக் கவனிக்கிறேன். ரிசப்ஷன், சிஸ்டர்கள், லேப், மருந்துக் கவுன்ட்டர் எல்லாம் சேர்த்து 9 பேர். போன வாரம் ஒரு பெரியவர் வெறும் வயிற்று சுகர் டெஸ்டுக்குக் காபி குடித்துவிட்டு வந்தார். 'சாப்பிடாம வாங்கன்னு சொன்னேனே' என்கிறார் ரிசப்ஷன் பெண். 'யாரும் ஒழுங்காச் சொல்றதில்லை' என்கிறார் லேப் தம்பி. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைத்துப் பார்த்தோம். வந்தவர் சிரித்த முகமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில் அந்த இருவரிடமும் யார் மேலும் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். கோளாறு 'சாப்பிடாம' என்ற சொல்லில் இருக்கிறது. விருந்தாளியிடம் 'காபி சாப்பிடறீங்களா' என்றுதான் கேட்கிறோம். ஆனால் 'காலையில் சாப்பிடாம வாங்க' என்றால் இட்லியும் தோசையும்தான் நினைவுக்கு வரும். ஒரு டம்ளர் காபி கணக்கிலேயே வராது.

ஆகவே சிரிப்பை விடுங்கள், வாக்கியத்தைப் பிடியுங்கள். 'ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 8 மணி நேரமாவது இடைவெளி வேணும். ரத்தம் எடுக்கும் வரை தண்ணீர் மட்டும். காபி, டீ, பால், கஞ்சி எதுவும் வேண்டாம். சுகர் மாத்திரை, ஊசியை எப்போ எடுக்கணும்னு டாக்டரிடம் கேட்டுக்குங்க.' ரிசப்ஷனோ லேபோ, யார் சொன்னாலும் இதே வார்த்தைகள். சாப்பிட்ட பிறகு எடுக்கும் டெஸ்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும். அந்த 2 மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள் ஏராளம்.

சொன்னால் மட்டும் போதாது. 'புரிஞ்சுதா?' என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: தலையாட்டல். 'வீட்டுக்குப் போய் மருமகளிடம் என்னன்னு சொல்வீங்க?' என்று கேட்கச் சொல்லுங்கள். பரீட்சை வைப்பது போல இருக்கக் கூடாது. 'நான் சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கறேன்' என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு கேட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாது. தினமும் கதவு திறக்கும் முன் 10 நிமிடம், எல்லோரும் நின்றுகொண்டே. உட்கார்ந்தால் அரை மணியாகிவிடும். ஒரே கேள்வி: 'நேற்று எதை ரெண்டு தடவை சொல்ல வேண்டி வந்தது?' வந்த பதிலில் ஒன்றை எடுத்து அங்கேயே நடித்துப் பாருங்கள். யார் செய்த தப்பு என்று பேச்சு போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஊழியர்கள் தங்களுக்குள் பேசுவதில் போன்தான் பெரிய வில்லன். எம். செல்வி, என். செல்வி இருவரும் போனில் ஒருவர்தான். இனிஷியலை நம்பாமல் வயதையோ பதிவு எண்ணையோ சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படித்தான். 'ஒன்று, ஐந்து, பதினைந்து' என்று பிரித்துச் சொல்வது நல்லது. கேட்பவர் எழுதிக்கொண்டு, எழுதியதைப் பார்த்துத் திரும்பப் படிக்க வேண்டும். சொன்னவர் 'சரி' என்ற பிறகே போனை வைக்கலாம். 'ம்' கணக்கில் சேராது. வாட்ஸ்அப்பின் நீல டிக்கும் சேராது. அது செய்தியைத் திறந்ததற்குத்தான் சாட்சி.

டாக்டரிடம் பேசும்போது சிஸ்டர்கள் தயங்குவார்கள், சுற்றி வளைப்பார்கள். அதற்கு எஸ்பார் என்றொரு முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையில் பழகியதை 2000களின் தொடக்கத்தில் அங்கேயே கைசர் பெர்மனென்டே என்ற நிறுவனம் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது. இப்போது என்ன, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நாலு வரிதான். 'டாக்டர், 12ஆம் டோக்கன் அம்மாவுக்குத் தலைசுத்தல், வியர்த்துக் கொட்டுது. டெஸ்டுக்காகச் சாப்பிடாம இன்சுலின் மட்டும் போட்டுட்டு வந்திருக்காங்க. சுகர் இறங்கியிருக்கும்னு தோணுது. மீட்டர் வெச்சுப் பார்க்கறேன், உடனே வாங்க.' 20 விநாடி ஆகாது. மூன்றாவது வரியைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும். அது தப்பாகவே போனாலும் டாக்டர் முகம் சுளிக்காமல் இருந்தால் தைரியம் தானாக வரும். இதை டாக்டரிடம் நீங்கள்தான் தனியாகப் பேச வேண்டும். நான் பார்த்த இடங்களில் பழக்கம் பாதியில் நின்றது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று. 'சுகர் பேஷண்ட் யாரு, உள்ள வாங்க' என்று ஹாலில் கூவுவதை இன்றே நிறுத்துங்கள். டோக்கன் எண்ணோ பெயரோ போதும். எச்.ஐ.வி. நிலையை ஒருவர் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மற்ற நோய்க்காரர்களுக்கும் மானம் உண்டுதானே.

திங்கட்கிழமைக் கூட்ட நெரிசலில் ஆரம்பிக்காதீர்கள், செவ்வாய் பாருங்கள். முதல் நாள் நாடகத்தில் லேப் தம்பியை ரிசப்ஷன் நாற்காலியிலும், ரிசப்ஷன் பெண்ணை ஊசியோடு லேப் வாசலிலும் நிறுத்துங்கள். காபி குடித்துவிட்டு வரும் பெரியவராக நீங்களே நடியுங்கள்.