முழங்கால் காயம்

கேள்வி: எனக்கு 39 வயது. எதற்கெடுத்தாலும் கவலை. கணவர் வீடு திரும்ப 10 நிமிடம் தாமதமானால் நான்கு முறை போன் செய்துவிடுவேன். ராத்திரி தூக்கமே இல்லை. 12 வயது மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் அடிபட்டதைக்கூட இரண்டு நாள் கழித்து மாமியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கவலையைக் குறைப்பது எப்படி?
- ஒரு வாசகி

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் உங்கள் தூக்கம், படபடப்பு, போனை எடுக்காத கணவர் எல்லாம் விரிவாக இருக்கிறது. மகள் விழுந்ததற்கு ஒரே வரி. அதுவும் மாமியார் மேல் குறையாக.

அடிபட்ட பிள்ளை அம்மாவைத் தேடித்தான் ஓடிவரும். உங்கள் மகள் பாட்டியிடம் போயிருக்கிறாள். இரண்டு நாள் உங்கள் கண்ணெதிரில் நொண்டலைக் காட்டாமல் நடந்திருக்கிறாள். காயத்தின் வலியைவிட உங்கள் பதற்றத்தைத் தாங்குவது கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ‘பாசம் இருப்பதால்தானே கவலைப்படுகிறேன்’ என்பீர்கள். அந்தப் பேச்சே வேண்டாம். பிள்ளை எந்தக் கெட்ட செய்தியையும் முதலில் கொண்டுவந்து கொட்டுவது அம்மாவிடம்தான் என்றிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. இன்னும் நான்கு வருடத்தில் அவள் உங்களிடம் மறைக்க முழங்காலைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கும்.

சரி, போனிலிருந்து ஆரம்பியுங்கள். கணவர் குரலைக் கேட்டதும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா, அதுதான் அடுத்த முறையும் உங்களைப் போனை எடுக்க வைக்கிறது. நீங்கள் கூப்பிடாமலே அவர் பத்திரமாக வந்து சேர்வதை நீங்கள் பார்த்ததே இல்லை. ஒரு நாள் பாருங்கள்.

அப்புறம், கவலைப்படுவதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். சிரிக்காதீர்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் டாம் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்து 1983-இல் வெளியிட்ட முறை இது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அந்த அரை மணிக்குத் தள்ளிவிட்டு, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். படுக்கையை மட்டும் அந்த இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த நிலை ஆறு மாதமாக, பெரும்பாலான நாட்களில் இருக்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். அதற்கு வெட்கம் எதற்கு?

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பேத்திக்கு அடைக்கலம் கொடுத்தவர் அவர். மகளிடமும் ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்காதீர்கள், பதில் உங்களுக்கே தெரியும். இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து காயத்தைக் காட்டச் சொல்லுங்கள். எப்படி விழுந்தாள் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரு ‘ஐயோ’கூட உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.