கேள்விக்குறியான வலைத்தளம்

கேள்வி: எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். முகப்பு திறக்கிறது, எந்தக் கட்டுரையைச் சொடுக்கினாலும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. தமிழ் எழுத்தெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. மாற்றிக் கொடுத்தவர், "டேட்டாபேஸ் கெட்டுவிட்டது, தளத்தைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்" என்கிறார். அப்படியா?

பதில்: முகப்பு வருகிறது என்றாலே தளம் டேட்டாபேஸோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதிதாகச் செய்யும் பேச்சை ஒதுக்கி வையுங்கள். பழைய ஹோஸ்டிங் கணக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் இப்போது மூடாதீர்கள்.

404 சில்லறைப் பிரச்சினை. கட்டுரை முகவரிகளைத் தளத்துக்குத் திருப்பிவிடுவது ஹெச்டிஆக்சஸ் என்ற கோப்பு. அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்புப் பட்டியலில் மறைந்திருக்கும், நகலெடுக்கும்போது விட்டுப்போகும். டாஷ்போர்டில் செட்டிங்ஸ், அதில் பெர்மாலிங்க்ஸ் (கட்டுரை முகவரி அமைப்பு) போய், எதையும் மாற்றாமல் சேவ் கொடுங்கள். கோப்பு மறுபடி எழுதப்படும். புதிய சர்வர் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளில் ஓடினால் அது இந்தக் கோப்பைச் சீண்டாது. அதற்குரிய விதியை ஹோஸ்டிங்காரர்தான் சேர்க்க வேண்டும்.

கேள்விக்குறி விஷயத்தில்தான் கவனம் தேவை. அது சரியாகும்வரை எந்தக் கட்டுரையையும் எடிட்டரில் திறந்து 'அப்டேட்' அழுத்தாதீர்கள். இதுவரை திரையில் மட்டும் இருந்த கேள்விக்குறி, அந்த ஒரு சொடுக்கில் டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மினில், 'போஸ்ட்ஸ்' என்று முடியும் டேபிளைத் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் தரவு பத்திரம். டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், டேட்டாபேஸோடு எந்த எழுத்துக் குறியாக்கத்தில் பேசுவது என்று சொல்லும் 'டிபி சார்செட்' வரி விடுபட்டிருக்கும் அல்லது மாறியிருக்கும். பழைய சர்வரில் உள்ள அதே கோப்பைத் திறந்து, அந்த வரியை அச்சு மாறாமல் எடுத்துப் போடுங்கள். பெரும்பாலும் யுடிஎஃப்8எம்பி4 (தமிழைத் தாங்கும் குறியாக்கம்) என்றிருக்கும். புதிய சர்வரின் டேபிளிலேயே கேள்விக்குறி என்றால் இறக்குமதியில் எழுத்துகள் போய்விட்டன. எந்த மென்பொருளாலும் மீளாது. பழைய சர்வரிலிருந்து மறுபடி எக்ஸ்போர்ட் எடுத்து ஏற்ற வேண்டியதுதான். பழைய கணக்கை மூடாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2007-இல் வந்த வேர்ட்பிரஸ் 2.2-க்கு முன்பே தொடங்கிய தளங்கள் சிலவற்றில் டேபிள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று பதிவாகியிருக்கும், உள்ளே இருப்பதோ யுடிஎஃப்8 தமிழ். அவற்றைப் பிஎச்பிமைஅட்மினில் பார்த்தால், தளம் நன்றாக ஓடும்போதுகூட, தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். பார்த்துப் பதறி, டிபி சார்செட் வரியை யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அந்த அலங்கோலம் அப்படியே தளத்திலும் வரும். இங்கும் பழைய வரிதான் மருந்து. பழைய கோப்பில் அது காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் லத்தீன்1 என்று போடுங்கள், சர்வருக்கு சர்வர் இயல்பிருப்பு வேறுபடும். கொம்பு எழுத்துக்கு மீட்சி உண்டு, கேள்விக்குறிக்குக் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாதவர் கையில் டேட்டாபேஸைக் கொடுக்காதீர்கள்.

ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், "டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும், காத்திருங்கள்" என்று ஒரே பதிலை ஒட்டி அனுப்புவார்கள். டிஎன்எஸ் என்பது உங்கள் தளப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும் ஏற்பாடு. உடைந்த தளம் புதிய சர்வரிலிருந்துதான் வருகிறது என்றால் டிஎன்எஸ் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனை மணி நேரம் காத்தாலும் கேள்விக்குறி தமிழாகாது.

தளத்தை மாற்றிக் கொடுத்த இடைத்தரகர் சங்கதிக்கு வருகிறேன். "கெட்டுவிட்டது" என்பவரிடம் எந்த டேபிளில் என்ன பிழைச்செய்தி என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே நழுவிவிடுவார்கள். டொமைன் (உங்கள் தளப் பெயர்) யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். பதிவு நிறுவனக் கணக்கின் கடவுச்சொல் அவரிடம் மட்டும் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். தளத்தைப் பிறகு சரிசெய்யலாம். கணக்கே அவர் பெயரில் என்றால், டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்தபிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.